காட்சிக்குச் செல்லும் குறுமரம்

யப்பானின் தலைநகராகிய தோக்கியோவில், உவேனோ பூங்காவிலுள்ள கலைக்கூடத்தில், 1934ஆம் ஆண்டிலே தொடங்கியது 'கொக்குபு' என்னும் போன்சாய்க் கண்காட்சி. அது பெப்ரவரி மாதத்தில் நடைபெறுவது வழக்கம். முழங்கை உயரமேயுள்ள முதுமரங்கள் அங்கே பீடங்களின்மீது வீற்றிருக்கும் கோலத்தைப் படங்களிற் கண்ட நேயர்கள், மணப்பெண்ணை அலங்கரிப்பதுபோல ஒரு காலைப்பொழுதில் முடிந்த வேலை அது என எண்ணக்கூடும். உண்மையில், கறுப்புப் பைன் மரமொன்றைக் காட்சிக்கு ஆயத்தஞ் செய்யும் வேலை முந்திய கோடையிலேயே தொடங்கிவிடுகிறது.

இளவேனிலில் மெழுகுவர்த்திகள் போல நிமிர்ந்தெழும் தளிர்களை வளரவிட்டால், ஊசியிலைகள் நீண்டு, சிறிய மரத்துக்குப் பொருந்தா உருவம் பெறும். ஆகவே யூன், யூலை மாதங்களில் அத்தளிர்களை அடியோடு வெட்டுகின்றனர். வெட்டிய இடத்திலிருந்து மீண்டுந் தளிர்கள் கிளைக்கும். அவை வளர்வதற்கு எஞ்சியுள்ள காலம் குறுகியது. ஆதலின் இலைகளும் குறுகியே நிற்கும். எனினும், நலிந்த மரத்தில் இவ்வாறு வெட்டினால் கிளைகள் பட்டுப்போகும். அத்தகைய மரத்தை அவ்வாண்டு காட்சிக்கு அனுப்பாமல் விடுவதே வளர்ப்போனின் கடன். பரிசில் ஆசையுடையோருக்கு இது எளிதன்று.

இலையுதிர்காலத்தில் பழைய இலைகளைக் கையாற் களைவர். உட்கிளைகளுக்கு வெளிச்சம் புகும். கிளைகளை வளைத்துக் கட்டிய செப்புக் கம்பி, காலங்கடந்தால் பட்டையிற் பதிந்து பல்லாண்டு மறையாத வடுவை விடும். அதனைச் சுற்றவிழ்க்காமல், சிறு துண்டுகளாக நறுக்கி எடுப்பதே பாதுகாப்பானது. சுற்றவிழ்க்கும்போது கிளை முறிதல் உண்டு.

யூனிப்பர் மரத்தின் பட்ட பகுதிகளுக்குக் கந்தகமுஞ் சுண்ணாம்புஞ் சேர்ந்த கரைசலைப் பூசுவர். அழுகிய முட்டையின் நாற்றமுடையதாயினும், அது மரம் உளுத்துப்போகாமற் காக்கும். பூசியவுடன் கண்ணைப் பறிக்கும் வெண்மை தணிய நாள் வேண்டும்; எனவே முன்கூட்டியே பூசிவிடுவர். யூனிப்பரின் அடிமரத்தைத் தூரிகையால் தேய்த்துத் துலக்கலாம். பைனில் அது தகாது. செதில் செதிலாக வெடித்த பட்டையன்றோ அதன் வயதைச் சொல்வது!

இறுதியில், தொட்டியைத் துடைத்து எண்ணெய் தடவி, மண்மீது பாசி பதிக்கின்றனர். வேர்கள் மண்ணைப் பற்றி நிற்கும் இடத்தைப் பாசி மூடலாகாது. காட்சி முடிந்தபின் அதனை அகற்றிவிடுவர். பாசி மூடிய மண்ணின் ஈரம் கண்ணுக்குப் புலப்படாது.

வெயிலும் காற்றும் படாத வெதுவெதுப்பான கூடத்திற் பல நாள் இருந்த மரம், கடுங்குளிரைத் தாங்கும் திறனிற் சிறிது குன்றியிருக்கும். வீடு திரும்பியதும் அதனை உறைபனி படாத ஒதுக்கிடத்தில் வைத்து, இளவேனில் வரும்வரை பேணுகின்றனர்.