முந்துவதற்கு முன் பின்னால் வாங்க

பொள்ளாச்சியில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். கிளட்ச், கியர், ரிவர்ஸ் எல்லாம் சீக்கிரம் கைக்கு வந்துவிடும். ஓவர்டேக் மட்டும் லேசில் வராது. அது கண்ணால் போடுகிற கணக்கு.

ஆழியாறு ரோட்டில் தேங்காய் லாரி ஒன்று முன்னால் போனால் போதும், பழகுகிறவர்கள் அதன் பின்கதவை முட்டுகிற மாதிரி ஒட்டிக்கொள்வார்கள். அங்கிருந்து 'சவுண்ட் ஹாரன்' என்ற எழுத்தும் தார்ப்பாயும்தான் தெரியும். எதிரே வருவதைப் பார்க்கப் பாதிக் காரை நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் நீட்டியாக வேண்டும். "பிரேக்கை லேசாத் தொடுங்க, பின்னால வாங்க" என்பேன். நாலைந்து கார் நீளம் தள்ளி வந்தால் லாரிக்கு அப்பால் ரோடு தெரியும். லாரிக்காரரின் கண்ணாடியில் நாமும் தெரிவோம். முந்தப் போகிறவர் எதற்குப் பின்வாங்க வேண்டும் என்று முதலில் எல்லாரும் முறைப்பார்கள்.

இப்போது கணக்கு. லாரி 60 கிலோமீட்டர் வேகம், நாம் 80. வித்தியாசம் 20, அதாவது நொடிக்கு ஐந்தரை மீட்டர். லாரி நீளம், கார் நீளம், முன்னும் பின்னும் விடுகிற இடைவெளி எல்லாம் சேர்த்தால் 55 மீட்டர் வரும். கடக்க 10 நொடி. அதற்குள் நாம் 220 மீட்டர் போயிருப்போம். எதிரே 80இல் வரும் பஸ்ஸும் 220 மீட்டர் வந்திருக்கும். ஆக 440 மீட்டர் காலி ரோடு வேண்டும். சாலைகளுக்கு அளவு வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ், 80 கிலோமீட்டர் வேகத்துக்கு முந்தும் பார்வைத் தூரம் 470 மீட்டர் என்கிறது. ரோட்டோரத்தில் 200 மீட்டருக்கு ஒன்றாக நிற்கும் கற்களில் இரண்டைத் தாண்டியும் காலியாக இருக்க வேண்டும்.

"ஏனுங்க மாஸ்டர், அவருதான் ரைட் இண்டிகேட்டர் போடுறாருங்களே, போயிறட்டுங்களா?" என்று ஒரு அம்மணி கேட்டார்.

"அது நமக்குங்களா, அவர் தோட்டத்துக்குத் திரும்பறதுக்குங்களா?" என்றேன். லாரி வலப்பக்கத் தோப்புக்குள் நுழைந்தது. சிலர் 'வா' என்று ரைட் இண்டிகேட்டர் போடுவார்கள். சிலருக்கு அதே விளக்கு 'வராதே, எதிரே வண்டி'. சட்டப்படி அது திரும்புவதற்கும் தடம் மாறுவதற்கும் மட்டும்தான். 1989ஆம் வருட விதிகளில், பின்னால் வருபவருக்கு வழிவிடக் கையை வெளியே நீட்டி முன்னும் பின்னும் அசைக்கும் சைகை இருந்தது. ஏசி கார் காலத்தில் யார் கையை நீட்டுகிறார்கள்? எவர் விளக்குப் போட்டாலும் ரோட்டை நம் கண் பார்க்காமல் ஏறக்கூடாது.

2017இல் வந்த ஓட்டுதல் விதிகளின்படி வலப்பக்கம்தான் முந்த வேண்டும். முன்வண்டி வலப்பக்கம் திரும்பச் சைகை காட்டியிருந்தால் இடப்பக்கம் போகலாம். வளைவு, மேட்டு முகடு, குறுகிய பாலம், சந்திப்பு, ஆட்கள் ரோட்டைக் கடக்கும் கோடு, இங்கெல்லாம் கூடாது. நமக்குப் பின்னால் வருபவர் நம்மை முந்த ஆரம்பித்திருந்தாலும் கூடாது; அதனால்தான் இண்டிகேட்டருக்கு முன்பே கண்ணாடியைப் பார்க்கச் சொல்கிறேன். நடுக்கோடு நம் பக்கம் விடாமல் நீண்டிருந்தால் தாண்டக்கூடாது. விட்டு விட்டு இருந்தால், எதிரே காலி என்றால் போகலாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு, விதியை மீறி ஆபத்தாக முந்துவது மோட்டார் வாகனச் சட்டம் 184ஆம் பிரிவில் வருகிறது. முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும்.

முந்துவது மட்டுமல்ல, வழிவிடுவதும் பழக வேண்டும். வால்பாறை மலைப்பாதையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் வழி. ஏற்றத்தில் நிறுத்தினால் பாரவண்டி மறுபடி கிளம்பத் திணறும். இறங்குகிறவர் ஒதுங்கி நிற்க வேண்டும்; டூரிஸ்ட் கார்கள் இதை மதிப்பதே இல்லை.

உங்களை ஒருவர் முந்தும்போது வேகத்தைக் கூட்டுவதும் விதிமீறல்தான். நம் ஊரில் இது ரோஷப் பிரச்சினையாகிவிட்டது. அவர் செய்தது தப்பாகவே இருக்கட்டும், எதிரே பஸ் வந்துவிட்டால் மோதலில் நீங்களும்தான் மாட்டுவீர்கள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, அவர் உள்ளே வர இடம் கொடுங்கள்.