கண்காட்சிக்குச் செல்லும் மாடுகளுக்கு மருத்துவச் சான்று ஏன்?

"நன்றாக மேயும் பசுவுக்கு மருத்துவச் சான்று எதற்கு?" எனத் தோட்டத்தில் மாடு வளர்ப்போர் சிலர் வினவுவதுண்டு. விடை கோமாரி நோயில் இருக்கிறது. இந்நோய்க் கிருமி உடலில் புகுந்தபின் வாயிலும் குளம்பிடையிலும் கொப்புளங்கள் தோன்ற 2 முதல் 14 நாட்கள் ஆகலாம். அவை வெளிப்படுமுன்னரே பாலிலும் உமிழ்நீரிலும் கிருமி வெளியேறத் தொடங்கிவிடும். பல ஊர் மாடுகள் அருகருகே கட்டப்படும் கொட்டகையில் இத்தகைய மாடு ஒன்றிருந்தால் போதும்; பரிசுக் கோப்பையுடன் நோயும் பல லயங்களுக்குச் சென்று சேரும். பிறகு கறவை குறையும், இளங்கன்றுகள் மடியும், பால் விற்று வந்த வருவாயும் நின்றுபோகும்.

ஆகவேதான் மாட்டை வெளியூருக்குக் கொண்டு செல்லுமுன் கால்நடை இலாகாவின் அனுமதியைப் பெறுதல் வேண்டும். தீபகற்ப மலேசியாவில் இதற்கு 1953ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டம் துணைநிற்கிறது. தடுப்பூசியைப் புறப்படும் நாளன்று போடுவதால் பயனில்லை. உடலில் எதிர்ப்பாற்றல் உருவாகச் சில நாட்கள் பிடிக்கும். கொம்புக்கு வண்ணம் பூசுவதில் காட்டும் அக்கறையில் பாதியை இதில் காட்டினாலே போதுமானது.

கண்காட்சியிலிருந்து திரும்பிய மாட்டை 14 நாட்கள் தனியே கட்டுங்கள். காலணியிலும் உடையிலும் கிருமி ஒட்டிவரும் என்பதால், மற்ற மாடுகளுக்குத் தீனி வைத்து முடித்த பின்னரே அதனிடம் செல்லுங்கள்.