மனதுக்குள் திரும்பும் கட்டைகள்

உங்கள் வீட்டில் மொத்தம் எத்தனை ஜன்னல்? சட்டென்று சொல்ல வரவில்லை, இல்லையா? கூடத்தில் ரெண்டு, சமையற்கட்டில் ஒன்று என்று மனசுக்குள்ளேயே அறை அறையாக நடந்துபோய்த்தான் எண்ணியிருப்பீர்கள்.

இந்த மனக்கண் பார்வையைக் கடிகாரம் வைத்து அளந்தார் அமெரிக்க உளவியலாளர் ரோஜர் ஷெப்பர்ட். 1968 நவம்பரில் ஒரு விடியற்காலை. தூக்கம் முழுசாகக் கலையாத நேரத்தில், முப்பரிமாண உருவங்கள் மெல்லச் சுழல்வதுபோல் அவருக்குத் தோன்றியது. சோதனைக்கான எண்ணம் அங்கேதான் பிறந்தது. ஜாக்குலின் மெட்ஸ்லருடன் சேர்ந்து நடத்தி, 1971-ல் 'சயன்ஸ்' இதழில் முடிவுகளை வெளியிட்டார்.

பத்துக் கனசதுரக் கட்டைகளை ஒட்டினாற்போல், முழங்கையாய் மடங்கி நிற்கும் உருவங்கள். அவற்றின் படங்களை இரண்டிரண்டாகக் காட்டுவார்கள். இரண்டும் ஒரே உருவமா, இல்லை ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பமா? கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். ஒரே கோணத்தில் இருந்தால் சுமார் ஒரு விநாடி போதும். கோணம் கூடக்கூட நேரமும் சீராகக் கூடிக்கொண்டே போனது. 180 டிகிரி என்றால் நாலு விநாடிக்கும் மேல். ஆக, மனம் விநாடிக்கு ஏறக்குறைய 60 டிகிரி திருப்புகிறது!

எனக்குத் தீராத வியப்பு இன்னொன்றில். தாளின் பரப்பிலேயே சுழற்றினாலும் சரி, ஆழத்துக்குள் சுழற்றினாலும் சரி, வேகம் கிட்டத்தட்ட ஒன்றுதான். கண் பார்த்தது தட்டையான கோட்டுப்படத்தை. மனம் திருப்பியதோ கட்டையை.