முதல் பிழையைப் படியுங்கள்

1976ஆம் ஆண்டு. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீவ் ஜான்சன் என்ற கணினி அறிஞர், தம் நிரலில் ஒரு பிழையைத் தேடித் தேடிச் சலித்துப்போனார். ஒரு காலைப்பொழுது முழுக்க அதிலேயே கழிந்தது. கடைசியில் பார்த்தால், நிரலில் பிழையே இல்லை. அதை அவர் ஏற்கெனவே திருத்திவிட்டார். திருத்திய கோப்பு மட்டும் மறுபடி கம்பைல் ஆகவில்லை. ஓடிக்கொண்டிருந்தது பழைய நிரல். எரிச்சலோடு வந்து இதைச் சொன்னவருக்கு, முந்தைய நாள் மாலை தானும் இதே தொல்லையில் மாட்டியிருந்த சக ஊழியர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் காதுகொடுத்தார். அந்த வார இறுதியில் அவர் எழுதத் தொடங்கிய கருவிதான் ‘மேக்’. அதற்காக 2003ஆம் ஆண்டின் ஏசிஎம் மென்பொருள் விருது அவருக்குக் கிடைத்தது. சி மொழியில் எழுதப்படும் ஏராளமான மென்பொருள்கள் இன்றும் மேக் வழியாகவே உருவாகின்றன.

மேக் செய்யும் வேலை எளிது. மூலக் கோப்பு கடைசியாக எப்போது மாறியது, அதிலிருந்து உருவான கோப்பு எப்போது பிறந்தது என்று இரண்டின் நேரத்தையும் ஒப்பிடும். மூலம் புதிதாக இருந்தால், அதை மட்டும் மறுபடி கம்பைல் செய்யச் சொல்லும். அதன் பலமும் பலவீனமும் இந்த நேரக் கணக்குதான். கணினியின் கடிகாரம் பிசகினாலோ, வேறொரு கணினியிலிருந்து வந்த கோப்பில் நாளைய தேதி இருந்தாலோ கணக்கு தவறிவிடும். அப்போது ‘கிளாக் ஸ்க்யூ’ என்று மேக் எச்சரிக்கும். கடிகாரத்தைச் சரிசெய்து, பழைய கோப்புகளை நீக்கிவிட்டு, முதலிலிருந்து கட்டினால் தீர்ந்தது.

பேசுவது யார்?

மென்பொருளைக் கட்டும்போது ‘எரர்’ என்ற சொல் திரையில் தெரிந்ததும் பலர் பதறி, எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவத் தொடங்குகிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தச் செய்தியைச் சொல்வது யார்?

சி நிரலைக் கட்ட ஜிசிசி என்று ஒரு கட்டளை கொடுத்தால், உள்ளே நான்கு கட்டங்கள் நடக்கின்றன. முதலில் ப்ரீபிராசஸர் ஹெடர் கோப்புகளைக் கொண்டுவந்து சேர்க்கும். பிறகு கம்பைலர் நம் நிரலை அசெம்பிளி மொழிக்கு மாற்றும். அசெம்பிளர் அதை இயந்திர மொழியாக்கும். முடிவில் லிங்கர், தனித்தனித் துண்டுகளையும் நூலகங்களையும் இணைத்து ஓடக்கூடிய ஒரே கோப்பாக்கும். பிழை எந்தக் கட்டத்தில் எழுந்தது என்று தெரிந்தால், பாதி வேலை முடிந்த மாதிரி.

‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்பது, நம் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் சொல்வது. கருவி நிறுவப்படவில்லை, அல்லது ஷெல் கருவிகளைத் தேடும் ‘பாத்’ பட்டியலில் அதன் இடம் இல்லை. நிரலைத் திருத்தி இதைத் தீர்க்க முடியாது.

ஹெடர் கோப்பின் பெயரோடு ‘நோ சச் ஃபைல்’ என்று வந்தால், அது முதல் கட்டத்தின் குரல். நூலகத்தைத்தான் நிறுவிவிட்டோமே என்று தோன்றும். ஆனால், உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளில் மென்பொருளை ஓட்டத் தேவையான பகுதி ஒரு தொகுப்பாகவும், கட்டத் தேவையான ஹெடர்கள் ‘டெவ்’ என்று பெயர் முடியும் இன்னொரு தொகுப்பாகவும் வருகின்றன. ஃபெடோராவில் அதன் பெயர் ‘டெவல்’ என்று முடியும். அந்த இரண்டாவது தொகுப்பையும் நிறுவ வேண்டும்.

‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ என்றால் பேசுவது லிங்கர். ஒரு செயல்கூறு அழைக்கப்பட்டிருக்கிறது; அதன் உடல் எங்கும் கிடைக்கவில்லை. கணித நூலகத்தைச் சேர்க்கும் ‘எல்எம்’ குறியை விட்டுவிடுவது மாணவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. குறியைச் சேர்த்தும் பிழை போகவில்லையா? அது கட்டளையில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். லிங்கர் இடமிருந்து வலமாகப் போகிறது. ஆகவே நூலகத்தின் பெயர், அதை நாடும் கோப்புக்குப் பின்னால் வர வேண்டும்.

மேக்குக்கான கட்டளைகளை எழுதிவைக்கும் மேக்ஃபைலில் ‘மிஸ்ஸிங் செப்பரேட்டர்’ என்று வந்தால், பெரும்பாலும் டேப் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றிடங்கள் இருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும் என்பதால் இது பலரைப் பாடாய்ப் படுத்துகிறது. தொடக்கத்திலேயே இந்த டேப் விதியை மாற்ற ஃபெல்ட்மன் எண்ணியதுண்டு. ஆனால், அதற்குள் சுமார் ஒரு டஜன் பேர் மேக்கைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று விட்டுவிட்டார். அந்த டேப் இன்றும் இருக்கிறது.

மேலிருந்து கீழே

நூறு பிழைகள் வந்தாலும் முதலாவதை மட்டும் படியுங்கள். சட்டையில் முதல் பொத்தானை மாற்றிப் போட்டால் மற்றவை எல்லாம் தவறுவதுபோல, ஓர் அரைப்புள்ளி விடுபட்டாலே கம்பைலர் குழம்பி, சரியான வரிகளையும் பிழையென்று சொல்லும். ‘ஜே’ விருப்பத்தோடு பல வேலைகளை மேக் ஒரே நேரத்தில் நடத்தும்போது செய்திகள் கலந்து வரும். உண்மையான பிழை எங்கோ மேலே போயிருக்கும். அந்த விருப்பம் இல்லாமல் மறுபடி ஓட்டினால் அது தனியே தெரியும். ‘என்’ விருப்பம் கொடுத்தால், எதையும் செய்யாமல், செய்யப்போகும் கட்டளைகளை மட்டும் மேக் காட்டும். சந்தேகமான கட்டளையை எடுத்துத் தனியாக ஓட்டிப் பார்க்கலாம்.

மென்பொருள் கற்கும் மாணவர்களுக்கும், கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நிரல் எழுதப் பழகும்போதே பிழைச்செய்தியை வாசிக்கவும் பழகுங்கள், பழக்குங்கள். யாரிடமாவது உதவி கேட்டால், கடைசி வரியை மட்டும் படமெடுத்து அனுப்பாமல், கொடுத்த கட்டளையையும் முதல் பிழையையும் முழுதாக அனுப்புங்கள். பதில் விரைவில் கிடைக்கும். பல நேரம், அனுப்புவதற்கு முன்பே உங்களுக்கே கிடைத்துவிடும்.