பழைய மோட்டார் சைக்கிளுக்குப் புதிய வேகம்: வியாபாரிக்கு இலாபமா, நட்டமா?

திருகோணமலை துறைமுகத்தை அண்டிய வீதிகளில் விடியற்காலையில் சற்று நின்று பார்த்தால் ஒரு விடயம் விளங்கும். மீன் பெட்டி, தயிர்ச் சட்டி, பாண் பெட்டி, மரக்கறி மூடை என்று எதுவானாலும் அதில் பெரும்பகுதி ஒரு பழைய சிறிய மோட்டார் சைக்கிளின் பின்னால்தான் ஏறிப் போகிறது. 2009இல் 396 மீற்றர் நீளமான கிண்ணியா பாலம் திறக்கப்படும் வரை படகுப் பாதைக்காகக் காத்து நின்ற வியாபாரி, இன்று நிற்காமல் நேரே நகரத்துக்கு வருகிறார். அதனால் வண்டிக்கும் வேலை கூடிவிட்டது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்களுக்குக் கதவு மீண்டும் திறந்தது. இந்த ஐந்து வருட இடைவெளியில் இருந்த வண்டியையே ஓட்டித் தீர்க்க வேண்டிய நிலை. அதற்குப் பிறகும் புதிய வண்டியின் விலை பலருக்கு எட்டவில்லை. இந்த நேரத்தில்தான் கராஜில் அந்த யோசனை சொல்லப்படுகிறது: "நானா, பெரிய பிஸ்டன் போட்டு, காபரேட்டரையும் மாத்தினா வண்டி பறக்கும்."

பறக்கும் என்பது உண்மையா? உண்மையானாலும் அது வியாபாரிக்கு உதவுமா? கையில் உள்ள பணத்தைக் கொடுப்பதற்கு முன்னர் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வேகக் கணக்கு

எமது பகுதியில் பரவலாக ஓடும் பஜாஜ் சீரீ 100 வண்டியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அதன் சிலிண்டர் விட்டம் 53 மில்லிமீற்றர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 45 மில்லிமீற்றர். கொள்ளளவு 99 சீசி. சிலிண்டரைக் குடைந்து 57 மில்லிமீற்றர் பிஸ்டன் போட்டால் கொள்ளளவு சுமார் 115 சீசி ஆகும். அதாவது கிட்டத்தட்ட 16 வீத அதிகரிப்பு. காபரேட்டர், சைலன்சர் எல்லாம் பொருத்தமாக அமைந்து, எஞ்சினின் சக்தியும் அதே அளவு கூடியது என்றே வைத்துக்கொள்வோம்.

அப்படியானால் வேகமும் 16 வீதம் கூடுமா? கூடாது. வேகம் ஏற ஏற காற்று தடுக்கும். உச்ச வேகத்தை இரு மடங்காக்க வேண்டுமென்றால் சக்தி ஏறத்தாழ எட்டு மடங்காக வேண்டும். இந்தக் கணக்குப்படி 16 வீத மேலதிக சக்தி தருவது சுமார் 5 வீத மேலதிக வேகம் மட்டுமே. 80 கிலோமீற்றர் வேகத்தில் ஓடிய வண்டி 84இல் ஓடும். ஆனால் சட்டமோ ஊர்ப்புறத்துக்கு வெளியே மோட்டார் சைக்கிளுக்கு அனுமதிப்பது மணிக்கு 70 கிலோமீற்றர், ஊருக்குள் 50. பணம் கொடுத்து வாங்கிய அந்த 4 கிலோமீற்றரைப் பாவிக்க வீதியில் இடமே இல்லை.

சரி, உச்ச வேகத்தை விடுவோம். வண்டி விரைவாக இழுப்பதால் சராசரி வேகம் 45இலிருந்து 50 ஆகிறது என்று வைப்போம். திருகோணமலைக்கும் கிண்ணியாவுக்கும் இடையில் வீதி வழியே சுமார் 20 கிலோமீற்றர். மிச்சப்படுவது 3 நிமிடம்கூட இல்லை. மீன் ஏலத்தில் பேரம் பேசுவதற்கு அதைவிட அதிக நேரம் போகிறது.

பெற்றோல் கணக்கு

பெரிய பிஸ்டனும் பெரிய காபரேட்டரும் அதிகமாகக் குடிக்கும். சீராக வைத்திருக்கும் வண்டி லீற்றருக்கு 60 கிலோமீற்றர் ஓடுகிறது, மாற்றிய பின்னர் 45 ஆகக் குறைகிறது என்று கொள்வோம். நாளொன்றுக்கு 40 கிலோமீற்றர் வீதம் மாதத்தில் 26 நாட்கள் ஓடும் வியாபாரிக்கு மாதம் கிட்டத்தட்ட 6 லீற்றர் மேலதிகச் செலவு. வருடத்துக்கு 69 லீற்றர். அதை இன்றைய விலையால் பெருக்கிப் பாருங்கள்.

2022ஐ நாம் மறந்துவிடக்கூடாது. அந்த வருடம் கியூ.ஆர். முறை ஆரம்பமானபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் மட்டுமே கிடைத்தது. 60 கிலோமீற்றர் ஓடும் வண்டிக்கு அந்த 4 லீற்றர் 240 கிலோமீற்றர். நாளுக்கு 40 வீதம் ஆறு நாள் வியாபாரம். 45 ஓடும் வண்டிக்கு 180 கிலோமீற்றர். நாலரை நாளோடு வியாபாரம் நின்றுவிடும். நெருக்கடி வரும்போது குடும்பத்தைக் காப்பாற்றுவது வேகமல்ல, சிக்கனம்.

இன்னொரு தவறான நம்பிக்கையும் உண்டு. ஒக்டேன் 95 அடித்தால் பழைய வண்டி வேகமாக ஓடும் என்பது. ஒக்டேன் எண் என்பது பெற்றோலின் சக்தியைக் காட்டுவதல்ல. எஞ்சினுக்குள் அழுத்தம் கூடும்போது நேரத்துக்கு முந்தி வெடிக்காமல் தாங்கும் தன்மையையே அது காட்டுகிறது. அழுத்தம் குறைந்த சிறிய எஞ்சினுக்கு 92 போதும். மாறாக, அழுத்தத்தைக் கூட்டும் விதமாக எஞ்சினை மாற்றிவிட்டால் 95 கட்டாயமாகிவிடலாம். அதுவும் ஒரு நிரந்தரச் செலவு.

எஞ்சினுக்கு மட்டும் பலம் போதாது

சக்தியைக் கூட்டும்போது சுமையைத் தாங்குவது கிராங்க், கனெக்டிங் ரொட், கிளச், செயின் ஆகியவை. இவையெல்லாம் பழைய அளவுக்கே செய்யப்பட்டவை. சிலிண்டரைக் குடையும்போது அதன் சுவரும் மெலிகிறது. பாரம் ஏற்றிக்கொண்டு மணல் வீதியில் மெதுவாகப் போகும்போது காற்று படாமல் எஞ்சின் கொதிக்கும். முதலில் கெடுவது அங்கேதான்.

இதைவிடப் பெரியது பிரேக். நிற்பதற்குத் தேவையான தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. 60இல் போகும்போது பிரேக் பிடித்தபின் ஓடும் தூரத்தைவிட 70இல் போகும்போது அது மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம். பின்னால் ஐஸ் போட்ட மீன் பெட்டி, முன்னால் பழைய ட்ரம் பிரேக், குறுக்கே ஒரு மாடு. இந்த நிலையில் அந்த மேலதிகத் தூரம்தான் உயிருக்கும் மரணத்துக்கும் உள்ள இடைவெளி. பல வீடுகளில் இந்த வண்டியை ஓட்டுவது வியாபாரி அல்ல, அவருடைய மகன் அல்லது கடையில் வேலை செய்யும் தம்பி என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

சட்டப் பக்கமும் உண்டு. வண்டிப் புத்தகத்தில் எஞ்சினின் கொள்ளளவு எழுதப்பட்டிருக்கிறது. அனுமதியின்றி அதை மாற்றினால் பொலிஸ் சோதனையிலும், விபத்துக்குப் பின்னர் காப்புறுதி கேட்கும்போதும் சிக்கல் வரும். வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனையும் தேவை. விற்கப் போனால் வாங்குபவர் முதலில் கேட்பது "எஞ்சின் ஒரிஜினலா?" என்பதுதான்.

பணத்தை எங்கே போடுவது?

அப்படியென்றால் பழைய வண்டிக்குச் செலவே செய்யக்கூடாதா? செய்ய வேண்டும். ஆனால் அது பிறந்தபோது இருந்த பலத்தைத் திருப்பிக் கொடுப்பதற்காகச் செய்ய வேண்டும். "வண்டி இழுக்குதில்ல" என்று சொல்லப்படும் வண்டிகள் அநேகமானவை சிறிய எஞ்சினால் அல்ல, தேய்ந்த எஞ்சினால்தான் இழுப்பதில்லை.

முதலில் செலவு குறைந்தவற்றைப் பாருங்கள். எயார் ஃபில்டர், பிளக், காபரேட்டர் சுத்தம், டெப்பட் இடைவெளி, டயர் காற்று, உரசி ஓடும் பிரேக் ஷூ. எமது பகுதியில் மீன் தண்ணீரும் கடற்காற்றும் செயினையும் ஸ்போக்குகளையும் அரிப்பதால், வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரால் கழுவி செயினுக்கு எண்ணெய் விடுவதே பாதி வைத்தியம். வேகம் வரும் என்று எயார் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓடுபவர்கள் மணலை நேரே சிலிண்டருக்குள் அனுப்புகிறார்கள்.

நீலப் புகை வந்து, எஞ்சின் ஒயில் குறைந்துகொண்டே போனால் ரிங் அல்லது சிலிண்டர் தேய்ந்திருக்கிறது. அப்போது போர் பண்ணி 0.25 அல்லது 0.50 மில்லிமீற்றர் கூடிய பிஸ்டன் போடுவது முறையான திருத்த வேலை. அது இழந்த சக்தியைத் திருப்பித் தரும், கொள்ளளவையும் பெரிதாக மாற்றாது.

பாரத்தோடு இழுவை மட்டும் போதவில்லை என்றால், முன் ஸ்புரொக்கெட்டை ஒரு பல் குறைத்துப் பாருங்கள். 14 பல்லுக்குப் பதிலாக 13 போட்டால் இழுவை 7 வீதத்துக்கு மேல் கூடும், அதே அளவு வேகம் குறையும். பாரம் ஏற்றும் வியாபாரிக்கு அது நல்ல பண்டமாற்று. பிடிக்காவிட்டால் பழையதையே மாட்டிவிடலாம்.

1958இல் ஜப்பானில் ஹொண்டா நிறுவனம் சுப்பர் கப் வண்டியை வெளியிட்டபோது, உணவு விநியோகிக்கும் பையன் ஒரு கையில் தட்டை ஏந்தியபடி ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கங்களில் ஒன்று. 2017இல் அந்த வரிசையின் உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது. உலகத்தில் அதிகம் விற்ற வண்டி வேகத்துக்காக அல்ல, சாமான் கொண்டு போவதற்காகவே பெயர் பெற்றது.

ஆகவே மெக்கானிக்கிடம் இரண்டு விலை கேளுங்கள். ஒன்று, வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டு வருவதற்கு. மற்றது, பெரிதாக்குவதற்கு. முதலாவதைச் செய்யுங்கள். இரண்டாவதற்கான பணத்தை ஒதுக்கி வையுங்கள். உங்கள் பாரம் உண்மையிலேயே 100 சீசிக்கு அதிகமாகிவிட்டால், நல்ல நிலையிலுள்ள வண்டியை நல்ல விலைக்கு விற்று, அந்தப் பணத்தையும் சேர்த்து 125 அல்லது 150 வாங்கலாம். அதன் பிரேக்கும் ஃபிரேமும் அந்தப் பலத்துக்கென்றே செய்யப்பட்டவை. வியாபாரிக்கு வேண்டியது பறக்கும் வண்டியல்ல. ஒவ்வொரு விடியலிலும் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகி, சாமானையும் ஓட்டியவரையும் பத்திரமாக வீடு சேர்க்கும் வண்டி.