நாயின் வால் சொல்லும் சேதி

நாய்க்குப் பேச வராது. ஆனால் அதன் வால் பேசும். அந்தப் பேச்சு புரிந்தால் கடிபடாமல் தப்பலாம்.

வாலை ஆட்டும் நாய் கடிக்காது என்று பலர் நம்புகிறார்கள். இது சரியல்ல. வால் எப்படி ஆடுகிறது என்று பார்க்க வேண்டும்.

வால் தளர்வாக, இரு பக்கமும் அகலமாக ஆடுகிறதா? உடம்பும் சேர்ந்து நெளிகிறதா? நாய் மகிழ்ச்சியாக இருக்கிறது.

வால் பின்னங்கால்களுக்கு நடுவே ஒடுங்கியிருக்கிறதா? நாய் பயந்திருக்கிறது. பயந்த நாயும் கடிக்கும். அதை மூலையில் மடக்கக் கூடாது.

வால் விறைப்பாக மேலே நிற்கிறதா? நுனி மட்டும் வேகமாக ஆடுகிறதா? "கிட்டே வராதே" என்று நாய் எச்சரிக்கிறது.

நம் தெருநாய்கள் பலவற்றுக்கு வால் இயல்பாகவே மேலே சுருண்டிருக்கும். ஆகவே வாலை மட்டும் பார்த்தால் போதாது. உடம்பு விறைத்திருக்கிறதா, பல் தெரிகிறதா, உறுமுகிறதா என்றும் கவனிக்க வேண்டும்.

எச்சரிக்கும் நாயைக் கண்டு ஓடக் கூடாது. ஓடினால் துரத்தும். அதன் கண்ணை உற்றுப் பார்க்கவும் கூடாது. அசையாமல் நின்று, பிறகு மெல்லப் பின்வாங்க வேண்டும். இதைக் குழந்தைகளுக்கும் சொல்லித் தர வேண்டும்.

அப்படியும் நாய் கடித்துவிட்டால் என்ன செய்வது? காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதையும் பூசக் கூடாது. உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தொப்புளைச் சுற்றி 14 ஊசி போடுவது பழைய காலம். இப்போது கையில்தான் போடுகிறார்கள். மருத்துவர் சொல்லும் நாள்களில் எல்லா ஊசிகளையும் போட்டுக்கொள்ள வேண்டும்.

வெறிநோய் வந்த பிறகு பிழைப்பது மிக அரிது. வரும் முன் போடும் ஊசியே உயிரைக் காக்கும்.