வண்டு ஆய்வுக்குப் பணம் கிடைத்தது, வகுப்பறை ஆய்வுக்கு?

தோட்டத்துப் பள்ளிக்கூடங்கள் – தொடர் 9

செகிஞ்சான் வயல்வெளியை விட்டு, தஞ்சோங் காராங் வழியாகத் தெற்கே வந்து, கோல சிலாங்கூரிலிருந்து உள்ளே போனால் தென்னமரம் தோட்டம். 1917இல் ஹென்றி ஃபோக்கோனியே மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை இங்கேதான் போட்டார். ஆப்பிரிக்காவின் மரம் வந்து சேர்ந்தது. அங்கே அதற்கு மகரந்தம் சுமந்த வண்டு வரவில்லை. பல தோட்டங்களில் தொழிலாளர்கள் மகரந்தத்தைப் பவுடரில் கலந்து பெண் பூவின் மேல் தூவிக்கொண்டிருந்தார்கள்.

பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையது கேமரூனுக்குப் போய், அந்த வேலையை அங்கே யார் செய்கிறார்கள் என்று தேடினார். செலவை யூனிலீவர் ஏற்றது. 1981இல் அந்த வண்டு ஜொகூரில் விடப்பட்டது. காய்ப்பிடிப்பு கூடியது, கையால் தூவும் வேலை ஓய்ந்தது.

ஒரு நல்ல கேள்விக்குச் செலவழித்த பணம் இத்தனை பலன் தந்தது. நம் அறிவியல், கணித ஆசிரியர்களின் கேள்விகளுக்கு என்ன செலவழித்திருக்கிறோம்?

பணமே வரவில்லை என்று சொல்ல மாட்டேன். 2003இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் பி.பி.எஸ்.எம்.ஐ. கொள்கை வந்தபோது மடிக்கணினி, புரொஜெக்டர், 5 முதல் 10 விழுக்காடு வரை ஊக்கத்தொகை எல்லாம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கும் கிடைத்தன. ஆனால் அன்றைய பயிற்சியின் பெரும்பாரம் ஆங்கிலத்தில் பாடம் நடத்துவதிலேயே இருந்தது. ஒரு பிள்ளைக்குப் பின்னம் ஏன் பிடிபடவில்லை என்று ஆராய அதில் இடம் குறைவு. 2009இல் அந்தக் கொள்கையைக் கைவிட முடிவாயிற்று.

வேறு வழியும் நம் நாட்டிலேயே உண்டு. பினாங்கில் 1967 முதல் ரெக்சாம் நிலையம் தென்கிழக்காசிய அறிவியல், கணித ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறது. ஆசிரியரே தன் வகுப்பை ஆராயும் செயலாய்வு முறையும் 1990களிலிருந்து இங்கே பழக்கத்தில் இருக்கிறது.

இந்த வட்டாரத்தில் அது எப்படி நடக்கலாம்? செம்பனையின் ஆண் பூங்கொத்து விரியும்போது சோம்பு வாசனை அடிக்கும். கிட்டப் போனால் மூன்று நான்கு மில்லிமீட்டர் நீள வண்டுகள் கதிர் கதிராக மொய்த்திருக்கும். ஒரு கதிரில் உள்ளவற்றை எண்ணி, கதிர்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் அது கணக்குப் பாடம். இரை கிடைக்காத பெண் பூவுக்கும் வண்டு ஏன் போகிறது என்று கேட்டால் அது அறிவியல். இப்படிக் கற்ற பிள்ளைக்குப் பெருக்கல் எவ்வளவு நாள் மனத்தில் நிற்கிறது, புத்தகப் பயிற்சி மட்டும் செய்த பிள்ளைக்கு எவ்வளவு நாள் என்று ஆசிரியர் ஒப்பிட்டு எழுதி வைத்தால் அதுதான் செயலாய்வு.

இதற்கு உருப்பெருக்கிக் கண்ணாடிகளும், டப்பாக்களும், போய்வர வண்டி வாடகையும் போதும். கிடைக்காதது நேரம். 150 பிள்ளைகள்கூட இல்லாத பள்ளியில் ஓர் ஆசிரியர் பயிற்சிக்குப் போனால், அவர் வகுப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் இருப்பதில்லை. ஆகவே ஆய்வு நிதி என்றால் மாற்று ஆசிரியருக்கான சம்பளமும் அதில் சேர வேண்டும்.

கட்டடத்துக்கும் மண்டபத்துக்கும் அள்ளிக் கொடுக்கும் பள்ளி வாரியங்களும் முன்னாள் மாணவர்களும் ஆண்டுக்கு ஓர் ஆசிரியரின் ஒரு கேள்வியை ஏற்றுக்கொள்ளட்டும். முடிவை அக்கம்பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் ஒன்றுகூடிக் கேட்கட்டும். அமைச்சின் ஒதுக்கீட்டுக்குக் காத்திராமல் இந்த ஆண்டே தொடங்கக்கூடிய வேலை இது.

அடுத்த வாரம்: ஒரே அறையில் இரண்டு வகுப்புகளை நடத்தும் ஆசிரியர்கள்.

(தொடரும்)